இடது பக்கம் ஒரு தட்டு

– டிக்கியைச் சாத்தத் தெரியலைன்னு சொல்லி ஒரு மனுஷரைத் திருப்பி அனுப்புவாளா கல்பகம்? உப்பல்லேர்ந்து வந்திருக்கார். ஊரோட அந்தக் கோடி. மெட்ரோ ஏறி, ஆட்டோ பிடிச்சு, ராமச்சந்திராபுரம் வரைக்கும் வந்து, ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டார்.

– தண்ணி இல்லே, மோர். பெருங்காயம் போட்டுக் குடுத்தேன்.

– மோர் குடுத்தா ஆச்சா? வண்டியைன்னா குடுக்கணும்!

– அந்த அறை அறையறார் டிக்கியை. நம்ம வண்டி டிக்கியை அப்படியா சாத்தறது? நாலு விரலால அழுத்தினா க்ளிக்குனு உக்காரும். வாங்கின நாள்லேர்ந்து அதை ஒருத்தரும் அறைஞ்சதில்லே.

– சொல்லிக் குடுத்தா கத்துக்கறார். சரி, அவரை விடு. அதுக்கு முன்னாடி வந்தாரே சாரங்கபாணி, ஃபேக்டரியில என்னோட ஷாப்ல வேலை பார்த்தவர், தங்கமான மனுஷர். அவருக்கு என்ன குறை?

– உள்ளே உக்காந்ததும் மூக்கைச் சுளிச்சார்.

– அவருக்கு சைனஸ்!

– சைனஸ் இருக்கறவா ஹைதராபாத் தூசியில வண்டி ஓட்டப்படாது. ஆத்துல ஆவி பிடிச்சுண்டு இருக்கணும்.

– அந்த பேங்க்கார சந்திரமோகன்?

– ஹாரனை அடிச்சுப் பார்த்துட்டுச் சிரிச்சான். இத்தனை வருஷமா உழைச்ச வண்டியைப் பார்த்துச் சிரிக்கறவனுக்கு நான் எப்படிக் குடுப்பேன்? அந்தத் துணியை இப்படிக் குடுங்கோ. நீங்க துடைச்ச இடத்தையே துடைச்சுண்டிருக்கேள்.

– கல்பகம், நீதான் விக்கணும்னே. நான் சொல்லலே.

– இப்பவும் நான்தான் சொல்றேன். சங்கராந்தி முடிஞ்ச வாரம், லிங்கம்பள்ளி பாலத்துல அந்த பைக்காரன் வலது பக்கமா வந்தான். கண்ணாடியில அவன் முழங்கை உரசித்து. ஸ்வாமி புண்ணியத்துல ஒண்ணும் ஆகலே, அவன் பாட்டில்தான் கீழே விழுந்து உருண்டது. ஆனா அவன் வந்ததே எனக்குத் தெரியலேன்னா! வலது கண்ணோரம் ஒண்ணுமே இல்லாமப் போயிடுத்துன்னு அப்போதான் தெரிஞ்சது. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே சாவியைக் கொண்டுவந்து ஸ்வாமி அலமாரியில வெச்சவ நான். என்னால ஓட்டப்படாது, உங்களுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்ட ஆளில்லாம வண்டி இந்த செல்லார் பார்க்கிங்ல நின்னு துருப்பிடிக்கறதை என்னால பார்க்க முடியாது. அதனால விக்கணும். ஆனா யாருக்குன்னு நான்தான் சொல்வேன்.

– அப்புறம் நீ எப்படிப் போவே, வருவே? அதை யோசிச்சியா?

– நம்ம பிள்ளை அச்யுத் சொல்றானே, போன்ல ஒரு தட்டு தட்டினா கேப் வரும்னு. வரது. வந்துட்டு, லொகேஷன் சரியில்லேங்கறான், ஓடிபி சொல்லுங்கறான், கேட்டுக்கு வெளியில வந்து நில்லுங்கறான். முதல் தடவை கேப்ல கோவிலுக்குப் போறச்சே பின்சீட்டுல உக்காந்து அவன் முதுகையே பார்த்துண்டு போனேன். யாரோ என்னைப் பார்சல் பண்ணி அனுப்பற மாதிரி இருந்தது. எனக்குன்னு இருந்தது இந்த வண்டி ஒண்ணுதான்னா. ரோட்டுல இறங்கிட்டா நான் யாரோட அம்மாவும் இல்லே, யாரோட ஆம்படையாளும் இல்லே. அது போச்சு. போகட்டும். போறது ஒரு நல்ல கையிலயாவது போகட்டும்.

– அதுக்குத்தான் இன்னிக்கு ஒரு அம்மாவை வரச் சொல்லியிருக்கேன். வித்யாலட்சுமின்னு பேர். சந்தாநகர்ல டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கா. தமிழ்க்காராதான்.

– உங்களுக்கு எப்படிப் பழக்கம்?

– பழக்கம்லாம் ஒண்ணும் இல்லே. வாக்கிங் போறச்சே போர்டைப் பார்த்தேன். நம்பர் இருந்தது. பேசினேன்.

– சந்தாநகர் வரைக்குமா வாக்கிங் போறேள்?

– கால் போன போக்குல போறது. டாக்டர்தானே நடக்கச் சொன்னார்?

– அதான் இடது முழங்கால் மட்டும் வலிக்கறதாக்கும். தினம் தைலம் தேய்க்கறேனே. நடக்கறச்சே ரெண்டு காலாலயும் நடங்கோ.

– இதோ, வந்துட்டா போல இருக்கு. வாங்கோ மேடம்! இந்தப் பக்கம், லிஃப்டுக்குப் பின்னாடி! பச்சை மாருதி!

– வணக்கம் சார். வணக்கம் ஆன்ட்டி. உங்க செல்லாருக்குள்ள வண்டி விடறதுக்கே ஒரு லைசென்ஸ் குடுக்கணும் போல, அந்தத் தூணுங்களும் வளைவும்! அம்மாடியோவ், இதுவா வண்டி? ஷோரூம்லேந்து நேத்து வந்த மாதிரி இருக்கு. ஏபி இருபத்திமூணு! இந்த நம்பர் பாத்தே எவ்ளோ நாளாச்சு.

– மெதக் ஜில்லா நம்பர். வாங்கறச்சே இந்த இடமெல்லாம் மெதக். அப்புறம் ஸ்டேட் மாறித்து, ஜில்லா மாறித்து, நாங்க ஃபேக்டரி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸை விட்டு இந்த ஃப்ளாட்டுக்கு மாறினோம். நம்பர் மாத்திரம் மாறலே. நீ எந்த ஊரும்மா?

– பூர்வீகம் வேலூர் பக்கம் ஆன்ட்டி. பொறந்தது வளந்தது எல்லாம் அல்வால். அப்பா டிஃபென்ஸ்ல இருந்தாரு. என் பசங்க தமிழ்ல கேட்டா தெலுங்குல பதில் சொல்லுதுங்க.

– எங்காத்துலயும் அதே கதைதான். பிள்ளை பெங்களூர்லேர்ந்து 'அம்மேயம்மா, அம்மேய்'ங்கறான். வித்துடு, வித்துடுன்னு. அந்த வார்த்தை அவனுக்குத் தெலுங்குல சுலபமா வரது. தமிழ்ல சொல்லியிருந்தா நாக்கு கொஞ்சம் தயங்கியிருக்கும். அவன் பத்தாவது பரீட்சை எழுதப் போனது இந்த வண்டியில. பொண்ணு ப்ரியம்வதா கல்யாணத்துக்கு மாப்பிள்ளையாத்துக்காராளை ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிண்டு வந்தது இதுல. நவராத்திரி வந்தா தசாவதார பொம்மை பத்தும் பின்சீட்டுல வரிசையா உக்காந்து வரும். சீட் பெல்ட் போட்டு.

– பொம்மைக்கா ஆன்ட்டி?

– பின்ன? பிரேக் போட்டா முன்னாடி விழாதோ?

– மேடம், நீங்க வண்டியை நன்னாப் பாருங்கோ. என்ஜினைப் பாருங்கோ. டயர் பாருங்கோ. இவ கையில இருந்த வண்டி. கிளட்ச் எடுக்கறதே தெரியாது. டவுன்ஷிப் ஸ்பீட் பிரேக்கர்ல இவ ஏத்தி இறக்கினா மடியில இருக்கற பால் தூக்கு தளும்பாது. நான் டர்பைன் அசெம்ப்ளியில இருந்தவன், தலைமுடி அளவுக்கு டாலரன்ஸ் பார்க்கறது எங்க வேலை. எங்க ஷாப்ல யாருக்கும் இவ்வளவு நிதானமான கை கிடையாது. ஆச்சா?

– ஆரம்பிச்சுட்டார்.

– சார் சொல்றது வண்டிய பாத்தாலே தெரியுது ஆன்ட்டி. பெடல் ரப்பர்கூட ஒரே சீரா தேஞ்சிருக்கு. எங்கிட்ட வர்றவங்க ஒரு மூலைய மட்டும் மிதிச்சுத் தேய்ப்பாங்க. ஆமா, இது என்னா? இடது பக்கம் டேஷ்போர்டுல ஒரு எடம் மட்டும் பளபளன்னு கெடக்கு? மத்ததெல்லாம் சொரசொரன்னு இருக்கே.

– அது இவரோட இடம். கேளு, சொல்வார்.

– அதுவா மேடம். ஃபேக்டரியில ரோட்டர் தூக்கணும்னா மேலே கிரேன்ல ஒரு ஆபரேட்டர் உக்காந்திருப்பான். கீழே எவ்வளவு இடம் இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. கீழேர்ந்து ஒருத்தன் கையால சிக்னல் குடுப்பான். சுத்தி பத்து பேர் நின்னு கத்தினாலும் ஆபரேட்டர் அந்த ஒருத்தன் கையைத்தான் பார்க்கணும். அதான் சட்டம். எங்க ஷாப்ல அந்த ஒருத்தன் நான். இந்த வண்டி வந்த புதுசுல கல்பகத்துக்கு இடது பக்கம் எவ்வளவு இடம் இருக்குன்னு பிடிபடலே. நான் சொன்னேன், நீ ஆபரேட்டர், நான் சிக்னல்மேன். ஒரு தட்டு தட்டினா இடம் இருக்கு, போகலாம். ரெண்டு தட்டினா நில்லு. அவ்வளவுதான்.

– வாயத் தொறந்து சொன்னா ஆவாதா சார்?

– நான் சொல்றேன் கேளும்மா. புருஷன் வாயால வழி சொல்லி, பொண்டாட்டி வண்டி ஓட்டினா, அடுத்த சிக்னல் வரதுக்குள்ள எங்க அம்மா, அவா அம்மா எல்லாரும் வண்டிக்குள்ள வந்துடுவா. தட்டினா எதிர்த்துப் பேச முடியாதோல்லியோ? எங்காத்துல சண்டை இல்லாத இடம் இந்த வண்டி ஒண்ணுதான்.

– மேடம், இடது பக்கம் வந்து பாருங்கோ. ஒரு கீறல் காட்டுங்கோ பார்ப்போம்.

– வலது பக்கமும் இல்லியே சார்.

– அது அவ பக்கம். அங்கே என் வேலை ஒண்ணும் இல்லே.

– சார் மட்டும் ஓட்டவே இல்லியா?

– ஒரு தடவை ஓட்டினார். சொல்லட்டுமான்னா?

– வேண்டாம்னா விடவா போறே?

– டவுன்ஷிப்ல ஜெனரல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் நிக்கற இடம். இவரோட ஷாப் பூரா டிபன் டப்பாவோட நின்னுண்டிருக்கா. இவர் ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துண்டே போய் அந்த பஸ் ஸ்டாப் மேடை மேலயே வண்டியை ஏத்திட்டார். ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லே. வண்டி நின்னப்புறம் கூட்டத்துல ஒருத்தர் கதவைத் திறந்து 'பட்டான்செரு போகுமா'ன்னு கேட்டாராம்!

– மறுநாள் நான் பஸ்ல ஏறினா, பஸ் பூரா எழுந்து நின்னு வழி விடறான், 'ஒதுங்கு ஒதுங்கு, சாம்பசிவம் வரார்'னு. ஒரு மாசம் கேலி பண்ணினா மேடம்.

– அதுக்கப்புறம் இவர் ஸ்டியரிங்கைத் தொடலே. நானும் ஏன்னு கேட்கலே. எனக்கும் ஓட்டக் கத்துக்கறச்சே எத்தனையோ தடவை வண்டி நின்னு போயிருக்கு. ஆனா நான் கத்துண்டது மத்தியான வேளையில, டவுன்ஷிப் ரோடு காலியா கிடக்கறச்சே. பார்க்க ஒரு காக்கா கிடையாது. இவர் ஷாப் பூரா பார்க்கறச்சே தோத்துப் போனார். ரெண்டும் ஒண்ணில்லே.

– இதான் இவ. இப்படியே ஒரு வார்த்தை கேட்காம, சிரிக்காம இருந்துட்டா. என் ரிடையர்மென்ட் அன்னிக்கு என்ன பண்ணினா தெரியுமோ மேடம்? எங்க ஃபேக்டரியில வழக்கம் ஒண்ணு உண்டு. கடைசி நாள் ஷாப்ல எல்லாரும் மாலை போட்டு, கம்பெனி ஜீப்புல ஏத்தி, டப்பு மேளம் அடிச்சுண்டு ஆத்துல கொண்டுவந்து விடுவா. எனக்கு ஜீப் வரலே. மெயின் கேட்டுல போய் முன்கூட்டியே பர்மிஷன் வாங்கிண்டு, இவ இந்த வண்டியை உள்ளே கொண்டு வந்துட்டா. அரக்குப் பட்டுப்புடவை. பானட்டுல சாமந்தி மாலை. ஷாப் வாசல்ல வளைச்சு நிறுத்தி, இறங்கி வந்து, இடது கதவைத் திறந்து விட்டு 'ஏறுங்கோ'ங்கறா. கிரேன்லேர்ந்து ஆபரேட்டர் எட்டிப் பார்க்கறான். ஷாப்பே கை தட்டித்து. எனக்குன்னு நினைச்சேளா? அவளுக்கு. அன்னிக்கு நான் அழுதேன். வேலை முடிஞ்சுதேன்னு இல்லே. இப்படி ஒருத்தி கூட்டிண்டு போக வந்திருக்காளேன்னு.

– போறும். வந்தவாளை நிக்க வெச்சுண்டு.

– நக்கோ ஆன்ட்டி, வேணாம், அவர நிறுத்தாதீங்க. எங்க ஊட்டுக்காரரு என் ஸ்கூல் போர்டுல பேரு எழுதறதுக்கே ஒரு வருஷம் யோசிச்சாரு. கண்ணாடியில கட்டியிருக்கே இந்தக் காஞ்ச நாரு, அது அந்த மாலையா?

– ஆமாம். பூவெல்லாம் உதிர்ந்து போச்சு. நார்தான் மிச்சம். வாங்கறவா அதை அவிழ்க்கணும்னா அவிழ்த்துக்கலாம். நான் அவிழ்க்க மாட்டேன். சரி, வண்டி உனக்கா? ஸ்கூலுக்கா? ஸ்கூலுக்குன்னா இப்பவே சொல்லிடறேன். நித்தம் பத்து பேர் மிதிச்சு, கியரைக் கரகரன்னு அரைக்கறதுக்கு இதைக் குடுக்க மாட்டேன்.

– ஸ்கூலுக்கு இல்ல ஆன்ட்டி. எங்கிட்ட கத்துக்கிட்ட ஒருத்தருக்கு. அவருதான் இந்த வண்டிதான் வேணும்னு அனுப்பினாரு.

– சின்னப் பையனா?

– இல்ல ஆன்ட்டி. அறுபது தாண்டினவரு.

– அறுபதுக்கு மேலயா கத்துக்கறார்!

– ஹவ் ஆன்ட்டி, ஆமா! எங்கிட்ட வர்றது எல்லாம் காலேஜ் பசங்க. பேட்டா செருப்பு போட்டுக்கிட்டு, தூங்கி எழுந்த மூஞ்சோட வருவாங்க. அவங்களுக்கு நடுவுல இவரு இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, பாக்கெட்டுல பேனா. ஆபீஸ் போற மாதிரி. ஸ்கூல் கேட்ட நான் தொறக்கறதுக்கு முன்னாடி நிப்பாரு. மொத நாளே கேட்டேன், கைக்கு சார், எதுக்கு இந்த வயசுல, கேப்ல போலாமேன்னு.

– என்ன சொன்னார்?

– எங்க வீட்ல அவங்க பின்சீட்ல உக்காந்து பொட்டலம் மாதிரி போறாங்க, அத என்னால பாக்க முடியலன்னு...

– மேடம்! ஸ்டெப்னி பார்க்கலையே நீங்க. டிக்கியைத் திறக்கட்டுமா?

– ஸ்டெப்னி எங்கேயும் ஓடிப் போகாதுன்னா. அவ சொல்லட்டும். நன்னா ஓட்டறாரோ?

– பொய் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. மொதல்ல எல்லாம் நான் பெத்தம்மா சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுதான் பக்கத்துல உக்காருவேன். வண்டி ஆஃப் ஆயிடுச்சுன்னா வண்டிகிட்ட ஸாரி கேப்பாரு. எரும வந்தா ஹாரன் அடிக்க மாட்டாரு, அது யோசிச்சு முடிக்கற வரைக்கும் நிப்பாரு. பின்னாடி லாரிக்காரன் தலைய வெளிய நீட்டி கத்துவான்.

– கிளட்சைப் பாதி மிதிச்சுண்டே ஓட்டுவாரோ?

– உங்களுக்கு எப்டி ஆன்ட்டி தெரியும்?

– பயந்தவா எல்லாரும் அப்படித்தான். இடது முழங்கால் என்னத்துக்கு ஆகும்? அப்புறம்?

– ஒருநாள் பட்டான்செரு ரோட்ல ரெண்டு பக்கமும் கண்டெய்னர் லாரி. நடுவுல இவரு. எப்டியோ தாண்டிட்டு ஓரமா நிறுத்தினாரு. சாவிய உருவி எங்கிட்ட நீட்டினாரு. நக்கோ மேடம், என்னால ஆவாது, உட்டுடறேன்னாரு.

– நக்கோன்னெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

– உங்களுக்கு எப்படித் தெரியும்?

– இல்லே கல்பகம்... பொதுவாச் சொன்னேன். வயசான மனுஷர், அப்படிப் பேச மாட்டாரோன்னு.

– நீங்க சும்மா இருங்கோ. அந்தத் துணி கிழிஞ்சுடப் போறது, அதைப் பிழியாதேங்கோ. நீ சொல்லும்மா. அதோட விட்டுட்டாரா?

– அதான் இல்ல! மறுநாள் வரமாட்டாருன்னு நெனச்சு நான் மெதுவா போறேன். எனக்கு முன்னாடி வந்து நிக்கறாரு. அதே இஸ்திரி சட்டை. இன்னிக்கும் அந்த ரோடுதான் போணும் மேடம்னாரு. ஆன்ட்டி, எங்கிட்ட எத்தனையோ பேரு கத்துக்கிட்டுப் போயிருக்காங்க. நல்லா ஓட்டறவங்கள பாத்திருக்கேன். பயந்துக்கிட்டே இவ்ளோ தைரியமா ஓட்டின ஆள நான் பாத்ததில்ல. சத்தியமா சொல்றேன், அன்னிக்கு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

– டெஸ்ட் குடுத்தாச்சோ?

– மொத தடவ ஃபெயில். டெஸ்ட் ட்ராக்ல ஒரு மேடு இருக்கில்ல, ஏத்தி நிறுத்திட்டு மறுபடி எடுக்கணும். வண்டி பின்னாடி போயிடுச்சு. ரெண்டாவது தடவ போன வியாழக்கெழம. நான் வெளிய நின்னு பாக்கறேன். மேட்டுல நிறுத்தினாரு. எடுக்கவே இல்ல. இன்ஸ்பெக்டர் வாட்ச்ச பாக்கறாரு. எனக்கு உயிரே இல்ல. அப்போ இவரு இடது கைய நீட்டி, டேஷ்போர்டுல ஒரு தட்டு தட்டினாரு. வண்டி அப்டியே, பின்னாடி ஒரு அங்குலம் போவாம, மேல ஏறுச்சு ஆன்ட்டி. இன்ஸ்பெக்டர் கேட்டாராம், எதுக்குத் தட்டினீங்கன்னு.

– ஒரு தட்டா, ரெண்டா?

– ஒண்ணுதான் ஆன்ட்டி.

– ஒண்ணுன்னா இடம் இருக்குன்னு அர்த்தம். போகலாம்.

– ஹவ் ஆன்ட்டி.

– ம். சரி. அவரை வரச் சொல்லு. பக்கத்துல உக்காந்து பார்க்காம நான் யாருக்கும் குடுக்கறதா இல்லே.

– வந்திருக்காரு ஆன்ட்டி.

– எங்கே?

– உங்க பக்கத்துலதான். துணியப் பிழிஞ்சுக்கிட்டு நிக்கறாரு.

– கல்பகம்... உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொன்னா நீயே கத்துக்குடுக்கறேம்பே. நீ பக்கத்துல உக்காந்து நான் மறுபடி ஒரு மேடையில ஏத்திட்டேன்னா? ஊர் சிரிச்சுது, தாங்கிண்டேன். நீ பார்க்கறச்சே தோத்தா என்னால தாங்க முடியாது. அதான் பாஸ் பண்ணிட்டு வந்து நிக்கலாம்னு இருந்தேன். உன்னளவு ஓட்ட எனக்கு வராது. இந்த ஜன்மத்துல வராது. ஆனா நீ பின்சீட்டுல உக்காந்து ஒருத்தன் முதுகைப் பார்த்துண்டு போக வேண்டாம். உனக்கு எங்கே போகணுமோ நான் கொண்டு விடறேன். மெதுவா. எருமைக்கெல்லாம் வழி விட்டுண்டு.

– லைசென்ஸ் எங்கே?

– இதோ. போட்டோவுல கொஞ்சம் பயந்தாப்பல இருக்கேன்.

– நன்னா இருக்கேள். இந்த சட்டை உங்களுக்கு எப்பவுமே எடுப்பா இருக்கும். இந்தாங்கோ சாவி.

– ஆன்ட்டி, அப்ப வண்டி விக்கலியா?

– விக்காம என்ன? இவருக்கு வித்தாச்சு. நீ பின்னாடி ஏறிக்கோ வித்யாலட்சுமி. பொம்மை உக்கார்ற இடம், பெல்ட் போட்டுக்கோ.

– இரு கல்பகம், சீட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிக்கறேன். உன் அளவுக்கு எனக்குக் கால் மடங்காது... அட, தள்ளித்தான் இருக்கு.

– நீங்க தள்ளினதுதான். நான் மத்தியானம் கண்ணசர்றச்சே சாவியை எடுத்துண்டு வந்து, இங்கே உக்காந்து கியர் போட்டுப் பழகலையா? சாயங்காலம் நான் துடைக்க வருவேன், சீட் பின்னாடி இருக்கும். இழுத்து முன்னாடி வெப்பேன். மறுநாள் பார்த்தா மறுபடி பின்னாடி இருக்கும். இன்னிக்கு இழுக்கலே.

– தெரியுமா உனக்கு?

– வாக்கிங் போறவர் பாக்கெட்டுல பேனாவோட போவாரா? ஷூவுல மண் ஒட்டலே. வலது கை மட்டும் வெயில்ல கறுத்திருக்கு. சமையல் உள்ளுல காபிக்குக் காத்துண்டு நிக்கறச்சே இடது கால் தானா தரையை மிதிக்கறது, விடறது. உங்களோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு இது தெரியாதா?

– ஒரு வார்த்தை கேட்கலையே நீ!

– அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல நடந்ததுக்கும் கேட்கலே. சித்த நகருங்கோ, நான் அந்தப் பக்கம் ஏறணும். அடேயப்பா. இந்த வண்டியில இடது சீட்டுல நான் உக்கார்றது இதான் முதல் தடவை. இங்கேர்ந்து பார்த்தா வண்டி பெரிசா இருக்கே. கை ரெண்டும் எதையாவது பிடிச்சுக்கணும்ங்கறது. வருத்தமாத்தான் இருக்குன்னா, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் இடது கண் இன்னும் பளிச்சுனு தெரியறது. இந்தப் பக்கம் நான் பார்த்துக்கறேன். வலது பக்கம் உங்களோடது.

– சார், பெல்ட். கண்ணாடி. நியூட்ரல்ல இருக்கா பாருங்க.

– பார்த்தாச்சு மேடம். ஸ்டார்ட் பண்றேன். அடடே... ஸாரி. ஸாரிம்மா.

– யார்கிட்ட சொல்றேள்?

– வண்டிகிட்ட.

– அது ஒண்ணும் நினைச்சுக்காது. மறுபடி எடுங்கோ. கிளட்சை மெதுவா விடுங்கோ, அவசரமே இல்லே. தூணுக்கு இந்தப் பக்கம் நிறைய இடம் இருக்கு. தோ, ஒரு தட்டு தட்டிட்டேன்.

– ஆஹா! போறது மேடம், போறது! கல்பகம், பார்த்தியா? ஒரு குலுக்கல் இல்லே!

– பார்த்துண்டுதான் இருக்கேன். நன்னா எடுத்தேள். ரொம்ப நன்னா எடுத்தேள். ரோட்டைப் பாருங்கோ, என்னைப் பார்க்காதேங்கோ.

– அது சரி கல்பகம், ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த உப்பல்காரர்... டிக்கியை அவர் ஓங்கி அறைஞ்சதை நான் பார்க்கவே இல்லையே?

– அவர் எங்கே அறைஞ்சார்? பூ மாதிரிதான் சாத்தினார், பாவம். நீங்க பாஸ் பண்ணிட்டு வர வரைக்கும் வந்தவாளுக்கெல்லாம் ஏதாவது ஒரு குறை இருந்தாகணுமோல்லியோ?